நிஜமாவே ஒரு ஜல்லிப் பதிவு

வலையுலகத்துல 'ஜல்லியடிக்கிறான்'னு சொன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குச் சொல்ல வேணாம். விஷயம் இல்லாம பக்கத்தை ரொப்புறது. என்னையும் நிறைய பேர் அப்படிச் சொல்லியிருக்கீங்க. கோவமெல்லாம் இல்லை. ஆனா இன்னிக்கு நான் அடிக்கப்போறது நிஜ ஜல்லி. லாரியில வருதே, முக்கால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச்னு, அந்த ஜல்லி. கொஞ்சம் நீளமாப் போகும், டீ ஏதாவது கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

போன கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பாக்கப் போயிருந்தேன். ஏழடி உசரத்துல நிக்கிற முருகன். எத்தனை தடவை பாத்தாலும் அண்ணாந்துதான் பாக்கணும். திரும்பி வரும்போது ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல வழக்கம்போல டிராஃபிக். அரை மணி நேரம் வண்டி நகரலை. வேற வேலை இல்லாததால எதிரும் புதிருமா நின்ன லாரிகளை எண்ணிக்கிட்டிருந்தேன்.

உள்ள வர்ற லாரியில எல்லாம் ஜல்லியும் எம்-சாண்டும். வெளிய போற ஒரு லாரியில தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாங்க. ஓரம் கிழிஞ்சு, உள்ள கறுப்பா மணல் மாதிரி தெரிஞ்சுது. பக்கத்துல பைக்ல நின்னவர்கிட்ட "என்னண்ணே அது?"ன்னு கேட்டேன். "ஃபவுண்டரி மண்ணு சார். இரும்பு ஊத்துற அச்சுக்குப் போடுவாங்க. வேலை முடிஞ்சா தூக்கிப் போட்ருவாங்க"ன்னார்.

மலையை உடைச்சு மணலாக்கி ஒரு லாரி உள்ள போகுது. மணலையே கழிவுன்னு சொல்லி இன்னொரு லாரி வெளிய போகுது. ரெண்டும் ஒரே சிக்னல்ல எதிரெதிரா நிக்குது. இது என்ன கணக்கு? அந்தக் கேள்வியோடதான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுல பின்கட்டுத் தரை என்னைப் பாத்துச் சிரிச்சுது. அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன். முதல்ல வரலாறு.

*

ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2400 கிலோ எடை இருக்கும். அதுல சிமெண்ட் 300, 350 கிலோ. தண்ணி 170 லிட்டர் பக்கம். மிச்சம் 1900 கிலோ போல இருக்கறது முழுக்க ஜல்லியும் மணலும். சிமெண்ட் கம்பெனிக்காரங்க டிவியில எவ்வளவு விளம்பரம் போட்டாலும், நம்ம வீடு நிக்கிறது பெரும்பாலும் உடைச்ச கல்லாலதான். சிமெண்ட் வெறும் பசை.

நம்ம பக்கத்துக் கல்லுக்கு ஒரு பெரிய பேர் உண்டு. கல்கத்தாவில ஜாப் சார்னாக்னு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி இருந்தார். (கல்கத்தாவை நிறுவினவர்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தாங்க, 2003-ல அந்த ஊர் ஹைகோர்ட் அப்படியெல்லாம் கிடையாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.) அவர் 1693-ல இறந்தப்ப வச்ச கல்லறைக் கல் மெட்ராஸ் பக்கத்துலேர்ந்து கப்பல்ல போனது. இருநூறு வருஷம் கழிச்சு, 1893-ல, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ச்சி பண்ணி அந்த வகைப் பாறைக்கு 'சார்னோக்கைட்'னு பேர் வச்சார். பறங்கிமலை, பல்லாவரம் பாறைகளெல்லாம் இந்த வகைதான். நம்ம ஊர் கொத்தனார் 'ப்ளூ மெட்டல்'னு சொல்றாரே, அது இதேதான். உடைச்சாக் கொஞ்சம் நீலம் பாஞ்ச சாம்பல் நிறமா இருக்கும். அருமையான கல். கடினம், தண்ணி குடிக்காது, எந்த சோதனைக்கும் தாங்கும்.

அருமையா இருந்ததே வினையாப் போச்சு. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றெல்லாம் மெட்ராஸோட வீடுகளாவும் ரோடுகளாவும் மாறிடுச்சு. போரூர்லேர்ந்து குன்றத்தூர் வழியா இந்தப் பக்கம் வர்றவங்க மாங்காடு கிட்ட சிக்கராயபுரம் கல்குவாரிகளைப் பாத்திருப்பீங்க. இருபதுக்கும் மேல குழிகள். கல்லெல்லாம் போன பிறகு தண்ணி நின்னுது. 2017 வறட்சியிலயும் 2019 வறட்சியிலயும் அந்தக் குழித்தண்ணியை எடுத்து சுத்தம் பண்ணித்தான் சென்னைக்குக் குடிக்கக் குடுத்தாங்க. நம்ம வீடு எந்தக் குழியிலேர்ந்து வந்துச்சோ, அந்தக் குழித் தண்ணியையே குடிச்சிருக்கோம்.

அப்புறம் குவாரிகள் தெற்கால மேற்கால நகர்ந்து உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் போச்சு. அதே சமயத்துல இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பிச்சுது. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-ல கார் உற்பத்தியைத் தொடங்கினது. ஒரகடத்துல ரெனோ - நிஸான் 2010. வல்லம் வடகால்ல ராயல் என்ஃபீல்டு 2017. ஒவ்வொரு தொழிற்சாலையும் முதல்ல ஒரு கான்கிரீட் தரை, அப்புறம்தான் மெஷின். ஏரியும் வயலும் வேர்க்கடலையுமா இருந்த பூமியில இருபது இருபத்தஞ்சு வருஷத்துல எத்தனை குன்றைக் கொண்டு வந்து பரப்பினாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

*

சரி, கல்லை விட்டா வேற வழியே கிடையாதா? இருந்துச்சு, அதுவும் நம்ம தாத்தா காலத்துலயே.

பழைய மெட்ராஸ் வீடுகள்ல 'மெட்ராஸ் டெரஸ்'னு ஒரு கூரை உண்டு. தேக்கு உத்தரம், அதுக்கு மேல மெல்லிசு செங்கல்லைக் குத்துவாட்டுல சாய்வா அடுக்கி, அதுக்கு மேல மூணு இஞ்சுக்கு சுண்ணாம்பு கான்கிரீட். அந்த கான்கிரீட்டுல போட்ட ஜல்லி எது தெரியுமா? செங்கல் ஜல்லி. உடைஞ்சது, மூலை போனது, சூளையில அதிகமா வெந்து கோணிப்போனது, இதையெல்லாம் உடைச்சுப் போடுவாங்க. பெண்கள் வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள் கணக்கா தட்டுவாங்க. நடுநடுவுல கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிப்பாங்க. செங்கல்லை இடிச்சுப் பொடியாக்கி சுண்ணாம்போட சேர்த்தா அது சுர்க்கி. பென்னிகுவிக் கட்டி 1895-ல முடிச்ச முல்லைப் பெரியாறு அணையோட உள்பாகம் சுண்ணாம்பு - சுர்க்கி கான்கிரீட்தான்.

நம்ம ஆளுங்க மட்டுமில்லை. ரோம்ல பாந்தியன் கோவில் ஏறக்குறைய 1900 வருஷமா நிக்குது. அதோட கோபுரத்துல கீழே உடைஞ்ச செங்கல்லும் கனமான கல்லும், மேலே போகப் போக எடை குறைஞ்ச எரிமலை நுரைக்கல்லுமா பாத்துப் பாத்துப் போட்டிருக்காங்க. அமெரிக்காவில ஃபிரான்சிஸ் ஸ்ட்ராப்ங்கறவர் நிலக்கரி எரிச்ச கசடை சிமெண்டோட கலந்து கல் வார்த்து 1917-ல காப்புரிமை வாங்கினார். இன்னிக்கு நாம ஹாலோ பிளாக்னு சொல்றதோட முன்னோர்கள்ல அதுவும் ஒண்ணு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு 1945-ல ஜெர்மனி நகரங்கள் இடிபாடாக் கிடந்தப்ப, பெண்கள் வரிசையா நின்னு கை மாத்திக் கை மாத்தி செங்கல்லைப் பொறுக்கினாங்க. முழுசா இருந்தது திரும்ப சுவருக்குப் போச்சு. உடைஞ்சது ஜல்லியாகி கான்கிரீட்டுக்குப் போச்சு.

இதுல எல்லாம் ஒரு பொது விஷயத்தைக் கவனிச்சீங்களா? யாரும் 'சுற்றுச்சூழலைக் காப்போம்'னு பேனர் கட்டிக்கிட்டு இதைப் பண்ணலை. நல்ல கல் தூரத்துல இருந்துச்சு, இல்லேன்னா காசு இல்லை, இல்லேன்னா ஊரே இடிஞ்சு கிடந்துச்சு. கையில இருந்ததை எடுத்துப் போட்டாங்க. போடும்போது ஒரு கைப்பக்குவம் இருந்துச்சு. எது கூரைக்கு ஆகும், எது அஸ்திவாரத்துக்கு ஆகும்னு பாத்துத்தான் போட்டாங்க.

*

அப்புறம் சிமெண்ட் வந்தது, கிரஷர் வந்தது, லாரி வந்தது. கல் மலிவாச்சு. அந்தக் கைப்பக்குவம் காணாமப் போச்சு.

இந்தியாவுல ஜல்லிக்கும் மணலுக்கும் ஒரு தர நிர்ணயம் உண்டு. ஐ.எஸ். 383-னு பேர். சிவில் படிச்சவங்களுக்கு இது பைபிள் மாதிரி. 1952-ல வந்து, 1963-லயும் 1970-லயும் திருத்தப்பட்டது. அந்த 1970 பதிப்போட தலைப்பிலேயே ஒரு நிபந்தனை இருக்கு: கான்கிரீட்டுக்கான 'இயற்கை மூலங்களிலிருந்து' கிடைக்கும் ஜல்லி, மணல்! ஆத்துல அள்ளினது, மலையில உடைச்சது, அவ்வளவுதான். நாப்பத்தாறு வருஷம் அந்த ரெண்டு வார்த்தை அப்படியே இருந்துச்சு.

கதவு முழுசா சாத்தியிருந்துச்சுன்னும் சொல்ல முடியாது. கான்கிரீட் வேலைக்கான ஐ.எஸ். 456-ல ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கசடு, அதிகம் வெந்த செங்கல், ஓடு இதையெல்லாம் கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குப் போட்டுக்கலாம், ஆனா சல்பேட் 0.5 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, தன் எடையில 10 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக்கூடாதுன்னு. தாத்தாவோட கைப்பக்குவத்தை நம்பரா எழுதி வச்ச மாதிரி இருக்கும். ஆனா நல்ல கல் மலிவாக் கிடைக்கும்போது ஜன்னல் வழியா யார் குதிப்பாங்க?

குதிக்க வச்சது மணல் பஞ்சம்தான். பாலாறு நம்ம கண்ணு முன்னாடியே மண்ணாறாகி, அப்புறம் மண்ணும் இல்லாத ஆறாச்சு. 2003-ல தமிழ்நாடு அரசே ஆத்து மணல் குவாரிகளை எடுத்துக்கிச்சு. 2012-ல உச்ச நீதிமன்றம், சின்ன குவாரியா இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு சொல்லிடுச்சு. 2017 நவம்பர்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆறு மாசத்துல மணல் குவாரிகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. மணல் விலை எங்கயோ போச்சு. வீடு கட்டிக்கிட்டிருந்தவங்க அந்த வருஷங்களை மறந்திருக்க மாட்டீங்க.

அப்ப கை குடுத்தது எது? கிரஷர் ஓரத்துல மலை மாதிரி குவிஞ்சு கிடந்த கல்தூள். ஒரு காலத்துல அதுவும் கழிவுதான். யாராவது அள்ளிக்கிட்டுப் போனாப் போதும்னு நின்ன சரக்கு. பள்ளம் ரொப்பவும், ஹாலோ பிளாக் போடவும் மட்டும் போகும். அதையே இன்னொரு மெஷின்ல விட்டு, மூலையெல்லாம் மழுங்கடிச்சு, கழுவி, சலிச்சு, மாவு மாதிரி இருக்கற தூளை 15 சதவீதத்துக்குள்ள நிறுத்தினா அதுக்குப் பேர் எம்-சாண்ட். 2023-ல தமிழ்நாடு அரசு அதுக்குத் தனிக் கொள்கையே அறிவிச்சாச்சு. இன்னிக்கு இந்த வட்டாரத்துல ஆத்து மணல்ல வீடு கட்டறேன்னு யாராவது சொன்னா அவரைக் கொஞ்சம் சந்தேகமாப் பாப்பாங்க :-)

அதாவது, நேத்திக்குக் கழிவு, இன்னிக்கு யூனிட் கணக்குல விலை. கல்லோட குணம் மாறலை. சலிச்சாங்க, கழுவினாங்க, அளந்தாங்க, ஒரு பேர் வச்சாங்க.

(இதுல ஒரு கசப்பும் உண்டு. எம்-சாண்டுக்கும் மலைதான் தேவை. தூள் தீர்ந்ததும் மணலுக்குன்னே பாறையை உடைக்க ஆரம்பிச்சாச்சு. ஆத்தைக் காப்பாத்த மலையைக் குடுத்தோம்.)

*

2016-ல ஐ.எஸ். 383 திரும்பத் திருத்தப்பட்டது. தலைப்புலேர்ந்து 'இயற்கை மூலங்கள்' போயே போச்சு. புதுசா ஒரு அட்டவணை. எந்தத் தொழிற்சாலைக் கழிவை, எந்த கான்கிரீட்ல, எத்தனை சதவீதம் வரைக்கும் போடலாம்னு. எனக்கு அந்த அட்டவணை ஒரு சரித்திர ஆவணமாவே படுது. சிலதைச் சொல்றேன்.

இரும்பு உலைக் கசடு: ஜல்லியாப் போட்டா கம்பி இல்லாத கான்கிரீட்ல 50 சதவீதம், கம்பி போட்டதுல 25. தாமிரக் கசடு மணலுக்குப் பதிலா: கம்பி இல்லாததுல 40, கம்பி போட்டதுல 35. இடிச்ச கான்கிரீட்டை உடைச்ச ஜல்லி: 25, கம்பி போட்டதுல 20, அதுவும் எம்25 வரைக்கும் மட்டும். எஃகு உலைக் கசடு: கம்பி இல்லாததுல 25, கம்பி போட்டதுல சுத்தமா கிடையாது, பூஜ்யம்.

ஏன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர்? எஃகுக் கசடுக்குள்ள வேகாத சுண்ணாம்பு மாதிரி தனிச் சுண்ணாம்பு ஒளிஞ்சிருக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா கொதிச்சுப் பொங்குமே, அதே சமாச்சாரம், ஆனா மெதுவா. கான்கிரீட் இறுகி மாசக்கணக்கு, வருஷக்கணக்கு ஆன பிறகு ஈரம் உள்ள போய்ச் சேரும். அப்ப உப்பும். உப்பினா வெடிக்கும். அதனால எஃகுக் கசடை வெட்டவெளியில மழையில வெயில்ல போட்டு மாசக்கணக்கா ஆற வைக்கணும். இடிச்ச கான்கிரீட் ஜல்லியில பழைய சிமெண்ட் கலவை ஒட்டிக்கிட்டிருக்கும், அது தண்ணியைக் குடிக்கும். தாமிரக் கசடு கண்ணாடி மாதிரி, தண்ணியே குடிக்காது, இரும்பு அதிகம்கறதால மணலைவிட ரொம்ப கனம். அளவுக்கு மீறினா கலவையில தண்ணி மேல வந்து நிக்கும்.

இந்தத் தாமிரக் கசடுதான் தமிழ்நாட்டோட பெரிய கதை. தூத்துக்குடி ஸ்டெர்லைட்ல ஒரு டன் தாமிரம் எடுத்தா ஏறக்குறைய ரெண்டு டன் கசடு வரும். வருஷத்துக்கு 4 லட்சம் டன் திறன் உள்ள ஆலை, கணக்கு நீங்களே போட்டுக்கங்க. கறுப்பா பளபளன்னு மணல் மாதிரியே இருக்கும். 2016-ல மத்திய அரசோட கழிவு விதிகள் இந்த மாதிரி உலைக் கசடை 'அளவு அதிகம், பாதிப்பு குறைவு'ங்கற வகையில வச்சு அபாயக் கழிவு அட்டவணைக்கு வெளிய நிறுத்திச்சு. அதே வருஷம் ஐ.எஸ். 383 அதுக்கு கான்கிரீட்ல இடம் குடுத்துச்சு. காகிதத்துல எல்லாம் சுபம்.

தரையில நடந்தது வேற. தூத்துக்குடி பக்கம் உப்பாற்றின் கரையோரமா கசடு மலை மலையாக் கொட்டிக் கிடந்துச்சு. வெள்ளம் வந்தா தண்ணி போற வழியை அது அடைக்குதுன்னு ஊர்க்காரங்க புகார் சொன்னாங்க. 2018 ஏப்ரல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையோட அனுமதியைப் புதுப்பிக்க மறுத்ததுக்குச் சொன்ன காரணங்கள்ல, உப்பாற்றங்கரைக் கசடை அகற்றலை, தடுப்பும் கட்டலைங்கறதும் ஒண்ணு. அடுத்த மாசம் 22-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தாங்க. ஆலையை மூடினாங்க. 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றமும் மூடினது மூடினதுதான்னு சொல்லிடுச்சு.

அந்தப் போராட்டம் கசடுக்காக மட்டும் நடக்கலை, காத்தும் தண்ணியும்தான் பிரதானம். ஆனா எனக்கு இதுல உறைச்ச விஷயம் வேற. கான்கிரீட்டுக்குள்ள 35 சதவீதம் போட்டா கட்டுமானப் பொருள். ஆத்தங்கரையில கொட்டினா வழக்கு. ரெண்டும் ஒரே கறுப்பு மணல். நடுவுல இருக்கற வித்தியாசம், அதை எங்கே கொண்டு போகணும்னு பொறுப்பு எடுத்துக்க ஒரு ஆள் இருந்தாரா இல்லையாங்கறது மட்டும்தான்.

*

பொறுப்பு தானா வராது, விதி போட்டாத்தான் வரும்ங்கறதுக்கும் நம்மகிட்ட உதாரணம் இருக்கு. அனல் மின் நிலையச் சாம்பல். 1999 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு அறிவிக்கை போட்டுச்சு. மின் நிலையத்துலேர்ந்து 50 கிலோமீட்டருக்குள்ள செங்கல் அறுக்கறவங்க குறைஞ்சது 25 சதவீதம் சாம்பல் கலக்கணும்னு. அப்புறம் அந்த 50-ஐ 100 ஆக்கி, 2016-ல 300 ஆக்கினாங்க. எண்ணூர்ல சாம்பல் கொசஸ்தலையாற்றுல கலந்த கொடுமை இன்னும் தீரலை, அதை மறைக்கலை. ஆனா சாம்பல் செங்கல், சாம்பல் கலந்த சிமெண்ட் இல்லாத ஹார்டுவேர் கடை இன்னிக்கு எங்கயாவது இருக்கா சொல்லுங்க.

இடிபாட்டுக்கும் 2016-ல விதி வந்துச்சு. 2014 ஜூன் 28-ல மௌலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் செத்தது ஞாபகம் இருக்கா? நம்ம பக்கத்து ஊர்தான். பக்கத்துல நின்ன ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல வெடி வச்சுத் தகர்த்தாங்க. டிவியில எல்லாரும் அந்த சில விநாடியைப் பாத்தோம். புழுதி அடங்கின பிறகு அந்தக் குவியலைப் பத்தி யாரும் பேசலை. அந்த வருஷம் மார்ச்ல வந்த விதிப்படி, ஒரு நாளைக்கு 20 டன் இல்லேன்னா ஒரு வேலையில மாசத்துக்கு 300 டன்னுக்கு மேல இடிபாடு உண்டாக்கறவங்க அதைப் பிரிச்சுக் குடுக்கணும். அரசு ஒப்பந்தங்கள்ல 10 முதல் 20 சதவீதம் இந்த மறுசுழற்சிப் பொருள் வாங்கணும். 2025-ல புது விதிகளை அறிவிச்சு, 2026 ஏப்ரல் 1-ஐ அமல் தேதியா வச்சாங்க. 20,000 சதுர மீட்டர், அதுக்கு மேல கட்டறவங்க இடிபாட்டுக்குத் தாங்களே பொறுப்புன்னு அதுல இருக்கு. விதி இருக்கு. ஏரிக்கரையில ராத்திரி கொட்டறதும் இருக்கு.

இப்ப நம்ம வல்லக்கோட்டை சிக்னலுக்கு வருவோம். அந்த ஃபவுண்டரி மண். அது உசத்தி சிலிக்கா மணல்தான். ஈரக்களி மாதிரி ஒட்டறதுக்கு பெண்டோனைட் களிமண்ணும், கொஞ்சம் நிலக்கரித் தூளும் சேர்த்து அச்சு பண்ணுவாங்க. சில வகையில பிசின் சேர்ப்பாங்க. உருகின இரும்பை ஊத்தி, உடைச்சு, திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, மணல் துகள் தேய்ஞ்சு, இனிமே அச்சுக்கு ஆகாதுன்னதும் வெளிய. அந்தக் களியும் கரியும் கழுவாம கான்கிரீட்ல போட்டா தண்ணி அதிகம் கேட்கும், பலம் குறையும். கழுவிச் சலிச்சு கொஞ்சமாக் கலந்தா தாங்கும்னு பல கல்லூரிகள்ல பிள்ளைங்க ப்ராஜெக்ட் பண்ணி க்யூப் உடைச்சுக் காட்டியிருக்காங்க.

ஆனா 2016 அட்டவணையில இரும்புக் கசடு இருக்கு, எஃகுக் கசடு இருக்கு, தாமிரக் கசடு இருக்கு, இடிபாடு இருக்கு, அனல் மின் நிலைய அடிச்சாம்பல் கூட இருக்கு. ஃபவுண்டரி மணல் இல்லை. இந்தியாவோட டெட்ராய்ட்னு நாம பெருமை அடிச்சுக்கிட்டமே, அந்த ஊரோட சொந்தக் கழிவுக்கு பந்தியில இலை போடலை. இலை இல்லாததால அது பின்வாசல் வழியா போகுது. பள்ளம் ரொப்ப, மனை மேடாக்க, யார் வீட்டுக்கோ.

*

இப்ப என் வீட்டுப் பின்கட்டு.

சில வருஷம் முன்னாடி பின்பக்கம் துணி துவைக்க, பாத்திரம் கழுவ ஒரு தரை போட்டோம். மேஸ்திரி நல்லவர்தான். "சார், ஒரு லாரிக்காரர் கறுப்பு ஜல்லி தர்றாரு. கல்லு மாதிரியே கெட்டி. பாதி விலை. தரைக்குத்தானே"ன்னார். எனக்கும் சபலம். கையில எடுத்துப் பாத்தேன், கனமா, துளைதுளையா இருந்துச்சு. 'கழிவை உபயோகிக்கிறோம், பூமிக்கு நல்லது'ன்னு எனக்கு நானே ஒரு மெடலும் குத்திக்கிட்டேன்.

ரெண்டு மழைக்காலம் தாண்டிச்சு. ஒரு நாள் காலையில தரையில ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு குழி. பக்கத்துல ஒரு சில்லு தெறிச்சுக் கிடக்கு. குழி நடுவுல வெள்ளையா பொடி. அம்மா, யாரோ கல் விட்டு எறிஞ்சிருக்காங்கன்னு தெருப் பசங்களைத் திட்டினாங்க. அடுத்த வாரம் மூணு. அப்புறம் எண்றதை நிறுத்திட்டேன். சிவில் படிச்ச நண்பர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, அந்த வெள்ளைப் பொடியை நகத்தால கீறி, "எஃகுக் கசடு. ஆற வைக்காம குடுத்திருக்கான். நல்லவேளை, தரையோட போச்சு. தூணுல போட்டிருந்தா?"ன்னார்.

அந்தக் கேள்வி ராத்திரி தூங்க விடலை. ஏன்னா அதே லாரியில அதே வாரம் எங்க தெருவுல இன்னும் ரெண்டு வீட்டுக்கு இறங்கிச்சு. ஒண்ணு காம்பவுண்டு சுவர் அஸ்திவாரம். இன்னொண்ணு எதுக்குன்னு போய்க் கேட்டேன். அந்த வீட்டம்மா, "மாடிப்படிக்குன்னு நெனைக்கிறேன்பா, மேஸ்திரிக்குத்தான் தெரியும்"னாங்க. நண்பரைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். படிக்கட்டு இல்லை, படிக்கட்டுக்குக் கீழே தரை மேடாக்கத்தான் போட்டிருந்தாங்க. அப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

கசடு மேல எனக்குக் கோவம் இல்லை. அதை ஆறு மாசம் மழையில போட்டு, சோதனை பண்ணி, 'கம்பி கான்கிரீட்ல போடாதே'ன்னு ஒரு சீட்டோட குடுத்திருந்தா என் தரை நல்லாவே இருந்திருக்கும். அந்த அளவுக்கு மலையும் மிச்சம் ஆகியிருக்கும். சூளைக்காரர்கிட்ட உடைஞ்ச செங்கல் வாங்கின எங்க தாத்தாவுக்கு அந்தச் சீட்டு தேவைப்படலை. சூளைக்காரர் பக்கத்துத் தெரு. கூரை ஒழுகினா சட்டையைப் பிடிக்கலாம். எனக்கும் அந்த உலைக்கும் நடுவுல யார் யாரோ. கடைசியில நான் போய் நின்னா, லாரிக்காரர் நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு ஒரு அம்மா சொல்றாங்க.

மலையும் முடியப்போகுது, ஆறும் முடிஞ்சாச்சு. கழிவை கான்கிரீட்ல போட்டுத்தான் ஆகணும், அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா அந்தச் சீட்டு இல்லாம வர்ற லாரி, அது எவ்வளவு மலிவா இருந்தாலும், மலையையும் காப்பாத்தாது, நம்ம வீட்டையும் காப்பாத்தாது. அடுத்த தடவை ஒரு வீடு இந்த மாதிரி வெடிச்சா, 'கழிவுல கட்டினா இப்படித்தான்'னு ஊர் சொல்லிடும். அப்புறம் நல்லா சோதிச்ச கழிவைக்கூட யாரும் தொடமாட்டாங்க. திரும்ப மலைக்குத்தான் போவாங்க.

பின்கட்டுத் தரையை இன்னும் உடைக்கலை. உடைச்சா அதை எங்கே கொட்டறதுன்னு தெரியலை :-(

பி.கு. 1: வீடு கட்டிக்கிட்டிருக்கற நண்பர்களுக்கு: மலிவா கறுப்பு ஜல்லி, கறுப்பு மணல் வந்தா மூணு கேள்வி கேளுங்க. எந்த உலையிலேர்ந்து வருது? எத்தனை மாசம் ஆற வச்சது? சோதனை ரிப்போர்ட் எங்கே? மூணுக்கும் பதில் இல்லேன்னா லாரியைத் திருப்பி அனுப்பிடுங்க. தூண், உத்தரம், கூரை பக்கம் விடவே விடாதீங்க.

பி.கு. 2: ஃபவுண்டரியில வேலை பாக்கற, இல்லேன்னா கான்கிரீட் லேப்ல இருக்கற பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, நான் தப்பா எழுதியிருக்கற இடத்தைச் சொல்லுங்க, திருத்திடறேன். மத்தவங்க வழக்கம்போல கும்மியடிக்கலாம். தலைப்பே அனுமதி குடுத்தாச்சு.